அக்டோபர் கூட்டத்தின் மூன்றாவது பத்தி

கிரேடன் ஏம்ஸ் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அவனுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். அவன் சுத்தமானவன், அவ்வளவுதான். மேஜை சுத்தம், சட்டை சுத்தம், பேச்சு சுத்தம். துணைத் தலைவனாக எங்கள் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்துக்கு வந்த ஆறு வருடத்தில் அவன் யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ஆளுக்குச் சுடுசொல் எதற்கு?

நான் அந்தப் புலத்தின் செயலாளர், வெர்னா கோஸ்டியுக். கனடாவின் சாஸ்கச்சுவானில், சுற்றிலும் கோதுமை வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில், பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. அறை ஒதுக்குவது, சாவி கொடுப்பது, கடிதம் அடிப்பது எல்லாம் நான்தான். மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் நடக்கிற மாணவர்-பணியாளர் ஆலோசனைக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதுவதும் நான்தான்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் என்ன குறை, கட்டடத்தில் என்ன குறை என்று மாணவர்கள் சொல்லவேண்டும். நாங்கள் கேட்கவேண்டும். கூட்டத்துக்குத் தலைவன் ஏம்ஸ். பீட்சா வைத்தால் பத்துப் பேர் வருவார்கள், வைக்காவிட்டால் இரண்டு பேர். இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் வருகிறது என்பார்கள், மூன்றாம் மாடியில் குழாய் உறைந்துபோகிறது என்பார்கள். ஏம்ஸ் தலையை ஆட்டி, "நல்ல பாயின்ட்" என்பான். நான் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று அடிப்பேன். எங்கள் பக்கம் ஜனவரியில் செத்தவர்களை, உறைந்த மண் இளகும்வரை வைத்திருந்துதான் புதைப்பது அந்தக்காலத்து வழக்கம். மாணவர் புகாருக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது. அன்றைக்கே குழிக்குள் போய்விடும்.

ஆனால் கண்துடைப்புக் கூட்டத்துக்கும் விதிப்புத்தகம் உண்டு. அதை முழுதாகப் படித்த ஆள் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான். போன கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் வைக்கவேண்டும். தலைவர், "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்கவேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் ஒருவர் முன்மொழிந்து, ஒருவர் வழிமொழிந்து, தலைவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்துவிட்டால் அதுதான் நடந்தது. அதில் இல்லாதது நடக்கவில்லை. பின்னால் மாற்ற வேண்டுமென்றால் தனித் தீர்மானம் கொண்டுவந்து மூன்றில் இரண்டு பங்குக் கை தூக்கவேண்டும். என் காலத்தில் யாரும் அதைச் செய்ததில்லை. குறிப்பைப் படித்தால்தானே திருத்துவதற்கு.

போன அக்டோபரில் வெண்டல் ஃபேர் எழுந்து நின்றார். வெண்டல் அடித்தளத்திலிருக்கும் அச்சுப் பட்டறையின் பொறுப்பாளர். செப்புத் தகட்டில் மாணவர்கள் கீறுவதும், அதை அமிலத் தொட்டியில் போட்டு அரிக்கவிடுவதும், மை பூசி உருளையில் ஓட்டுவதும் அவர் கண் முன்னால்தான். சூரியகாந்தி விதையைக் கடித்துக்கொண்டே இருப்பாரே தவிர, கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. எனக்கும் அவருக்கும் பத்தொன்பது வருடப் பழக்கம். நீ, நான் என்றுதான் பேச்சு. அன்றைக்கு விதையைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு எழுந்தார்.

"எக்ஸாஸ்ட் ஃபேன் செத்து ஏழு வாரம் ஆச்சு. மூணு தடவ ஃபார்ம் எழுதிக் குடுத்துட்டேன். புகை வெளியே போகல, புள்ளைங்க மூக்குக்குள்ள போகுது. ஒண்ணு ஃபேனப் போடுங்க, இல்ல தொட்டிய மூடுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. யாராவது சுருண்டு விழுந்தாத்தான் கீழ இறங்கி வருவீங்களா?"

ஏம்ஸ் அழகாகச் சிரித்தான். "வெண்டல், உங்க அக்கறை புரியுது. பதட்டப்படாதீங்க. கிளாஸ் நடக்கட்டும், நிறுத்த வேணாம். ஃபேன நான் பாத்துக்கறேன்."

இதை நான் அப்படியே மூன்றாவது பத்தியாக அடித்து, வரைவை அவன் மேஜையில் வைத்தேன். ஏம்ஸுக்குப் பச்சை மைப் பேனா. மறுநாள் வரைவு திரும்பி வந்தபோது மூன்றாவது பத்தியின் மேல் குறுக்காக ஒரு பச்சைக் கோடு. ஓரத்தில், "சுத்தமாக வையுங்கள். கி.ஏ."

வெட்டினேன். 'பட்டறை வசதிகள் பற்றிப் பொதுவாகப் பேசப்பட்டது' என்று ஒரு வரி வைத்தேன். எனக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. அது ஒரு காரணம். உண்மையான காரணம், பழக்கம். அதற்கு முன்னாலும் எத்தனையோ வெட்டியிருக்கிறேன். என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இன்றைக்கும் என்னை எரிப்பது அதுதான். பச்சைக் கோடு போட்ட வரைவை மட்டும் ஏனோ கிழித்துப்போட மனம் வரவில்லை. தேயிலைப் பொட்டலங்கள் வைக்கிற இழுப்பறையில் அடியில் போட்டுவைத்தேன். நவம்பரில் ஏம்ஸ் அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டான். வெண்டல் அன்றைக்குப் பட்டறையில் இருந்தார், கூட்டத்துக்கு வரவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஷேலீன் விழுந்தாள். ஷேலீன் மெராஸ்டி, மூன்றாம் வருடம், மாணவர் பிரதிநிதி. வடக்கே ஏரிக்கரை ஊரிலிருந்து எட்டு மணி நேரம் பேருந்தில் வந்து படிக்கிற பெண். அமிலத் தொட்டியின் மேல் குனிந்திருந்தவள் மயங்கிச் சரிந்தபோது, பிடிமானத்துக்குக் கையை நீட்டியிருக்கிறாள். தொட்டியே அவள்மேல் கவிழ்ந்தது. வெண்டல் அவளைத் தூக்கிக் குழாயடியில் வைத்து இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றினார். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. இரண்டு விரல் மடங்காது என்று பிறகு சொன்னார்கள். அவள் இடது கைக்காரி. தகடு கீறுகிற கை அதுதான்.

மூன்றாம் நாள் வெண்டலுக்கு இடைநீக்கக் கடிதம். அதை அடித்து உறையில் போட்டதும் நான்தான். 'விசிறி பழுதானதைப் பொறுப்பாளர் எவருக்கும் தெரிவிக்கவில்லை. அக்டோபர் கூட்டத்தில் கலந்துகொண்டும் அது குறித்து ஒரு சொல்லும் அவர் பேசியதாகக் குறிப்பில் இல்லை.' அவர் கொடுத்த மூன்று படிவங்களும் காற்றில் கரைந்துவிட்டிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். சோறு வடித்துக்கொடுத்தவள் நான்.

வெண்டல் சாமானை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்தார்.

"நீ அங்கதான இருந்த, வெர்னா. நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்போ மினிட்ஸ்ல எப்படி இல்லாமப் போச்சு? அவன் கைவச்சிருக்கான், இல்ல?"

"பாக்கறேன் வெண்டல்" என்றேன். ஆம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில், எஞ்சின் உறையாமலிருக்க வண்டியின் முன்னால் தொங்கின ஹீட்டர் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் தட்டின இடம் நெருப்பாகக் காந்தியது. அந்த நிமிடம் முடிவுசெய்தேன். ஏம்ஸை விடக்கூடாது. அவனை அவன் கையெழுத்தாலேயே அறுக்கவேண்டும்.

இழுப்பறையில் வரைவு இருந்ததே, அதை எடுத்துக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டியிருந்தால் பச்சைக் கோடு அவனுடையது, வெட்டின கை என்னுடையது என்று ஆகியிருக்கும். வெண்டலைக் காப்பாற்ற வேண்டும், ஏம்ஸைப் புதைக்க வேண்டும், என்மேல் ஒரு சொட்டுக் கறை படக்கூடாது. எனக்கு மூன்றும் வேண்டியிருந்தது. பேராசைதான்.

ஜனவரிக் கூட்டத்துக்கு ஷேலீன் கையில் கட்டோடு வந்தாள். மேஜையைச் சுற்றி ஏம்ஸ், மட்பாண்டம் சொல்லிக்கொடுக்கும் லியோனா தீசன், இன்னொரு பேராசிரியர், ஆறேழு மாணவர்கள். ஷேலீன் பீட்சாவைத் தொடவில்லை.

"கிரேடன், உங்ககிட்ட ஒரே கேள்வி" என்றாள். தன்னைப் பதவி சொல்லிக் கூப்பிடக்கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பது ஏம்ஸின் பெருந்தன்மை. "அக்டோபர்ல வெண்டல் ஃபேனப் பத்திப் பேசினாரு. நான் இந்த நாற்காலியிலதான் இருந்தேன். அவரு பேசவே இல்லன்னு எப்படி எழுதுனீங்க?"

"ஷேலீன், முதல்ல உன் கை எப்படி இருக்கு, அதச் சொல்லு."

"கை இருக்கு. கேள்வியும் இருக்கு."

"பாரும்மா, ஒரு மனுஷனுக்கு ஆயிரம் விஷயம் ஞாபகம் இருக்கும், இல்லாமலும் போகும். அதுக்குத்தான் மினிட்ஸ்னு ஒண்ணு வச்சிருக்கோம். மினிட்ஸ்ல இல்லன்னா நடக்கல."

"லியோனா, நீங்க இருந்தீங்களே" என்று ஷேலீன் திரும்பினாள். லியோனா பீட்சாவின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஓரத்தில் அப்படி என்ன கண்டாளோ, தலை நிமிரவில்லை.

ஷேலீன் விடவில்லை. "அப்போ நான் பொய் சொல்றேன். அப்படித்தான? குளிர்ல எட்டு மணிநேரம் பஸ்ல வந்து, வெந்துபோன கையோட பொய் சொல்றேன்."

மற்ற மாணவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சுத்தமானவர்களுக்கு ஒரு பலவீனம். தங்களைக் கெட்டவர் என்று சின்னப் பிள்ளைகள் நினைப்பதை அவர்களால் தாங்க முடியாது. ஏம்ஸ் பேனாவைக் கீழே வைத்தான். கையை விரித்தான். குரலைத் தாழ்த்தி, குடும்பத்துக்குள் பேசுவதுபோல் ஆரம்பித்தான்.

"சரி. நமக்குள்ள பேசிக்கலாம். வெர்னா, இது மினிட்ஸ்ல வேணாம். வெண்டல் சொன்னாரு, நான் இல்லேங்கல. நான்தான் கிளாஸ் நடக்கட்டும்னேன். முன்வாசல்ல கண்ணாடிச் சுவர் வேலை நடந்துட்டிருந்தது, நன்கொடை குடுத்தவங்க நவம்பர்ல பாக்க வர்றாங்க. ஆள் அங்க வேணும். ஒரு ஃபேன் ரெண்டு மாசம் தாங்கும்னு நெனச்சேன். தாங்கல. என் நிலைமையையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆனா இத வெளிய போய்ச் சொன்னா நான் சொல்லவே இல்லம்பேன், புரியுதா?"

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, அவன் பார்க்கும்படி மடியில் வைத்தேன். பத்தொன்பது வருடமாகக் கூட்டம் கேட்கிற காது. ஒரு சொல் சிந்தாது. 'இது குறிப்பில் வேண்டாம்' என்பது எங்கள் எல்லாக் கூட்டத்திலும் எல்லாத் தலைவர்களும் சொல்கிற வார்த்தை. விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. குறிப்பில் வரக்கூடாது என்றால் கதவைச் சாத்தி மூடிய அமர்வு என்று தீர்மானம் போட்டு, கை தூக்கி, மாணவர்களை வெளியே அனுப்பவேண்டும். அவன் எதையும் போடவில்லை. சட்டப்படி அவன் ஊருக்கே பேசிக்கொண்டிருந்தான்.

அறைக்குத் திரும்பி, கதவைத் தாழிட்டு, அவன் சொன்னது ஒவ்வொன்றையும் அடித்தேன். முன்வாசல் கண்ணாடி, நன்கொடையாளர், 'நான் சொல்லவே இல்லம்பேன்' வரை. 'இது மினிட்ஸ்ல வேணாம்' என்றதையும் சேர்த்தேன். ஆறு பக்கம் வந்தது. வழக்கமாக ஒன்றரைப் பக்கம்.

இந்த முறை வரைவை அவன் மேஜையில் வைக்கவில்லை. விதிப்படி வைக்கவேண்டியதில்லை, அது அவனாகக் கொண்டுவந்த வழக்கம். கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். ஏழு நாள் முன்னதாக எல்லோருக்கும் மின்னஞ்சலில் போகவேண்டும் என்பது விதி. எட்டு நாள் முன்னதாக அனுப்பினேன். அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் இதோ வருகிறான் என்று மேஜையில் எதையாவது அடுக்க ஆரம்பிப்பேன். ஒருநாள் வந்தான். "வெர்னா, ஜனவரி மினிட்ஸ் அனுப்பிட்டீங்கல்ல?" என்றான். அனுப்பிவிட்டேன் என்றேன். "நீங்க இல்லன்னா இந்த இடம் என்ன ஆகும்" என்று சொல்லிக் காப்பி எடுக்கப் போனான்.

பிப்ரவரிக் கூட்டத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஆறு பக்கத்தைப் பின் அடித்து வைத்தேன். ஏம்ஸ் உட்கார்ந்ததும் அதன்மேல் பீட்சாத் தட்டை வைத்தான்.

ஷேலீன் மட்டும் முதல் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு இரண்டாவது. மூன்றாவது பக்கத்தில் அவள் கண் நின்றுவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் கணினித் திரையைப் பார்த்தேன்.

"போன கூட்டத்தோட மினிட்ஸ். திருத்தம் ஏதாவது இருக்கா?" என்று ஏம்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

ஷேலீன் கையைத் தூக்கினாள்.

"திருத்தமா?"

"இல்ல. ரொம்ப முழுசா எழுதியிருக்காங்க. ஏத்துக்கணும்னு நான் முன்மொழியறேன்."

"யாராவது வழிமொழியறீங்களா?"

லியோனா வாயில் பீட்சாவோடு கையைத் தூக்கினாள். அவளும் படிக்கவில்லை. ஏம்ஸ் தட்டை நகர்த்தி, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போட்டான். காகிதத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்திலேயே போட்டான். நான் அதை வாங்கி எண்ணெய் வட்டத்தோடு அப்படியே கோப்பில் வைத்தேன். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்று மாலையே குறிப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் ஏறியது. வெண்டலின் தொழிற்சங்கத்துக்கு எங்கே பார்க்கவேண்டும் என்று ஒரு வரி எழுதினேன்.

மார்ச்சில் விசாரணை. வெண்டலை வேலையிலிருந்தே நீக்குவதா இல்லையா என்பது கேள்வி. வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு பேசுகிற ஓர் அம்மாள். ஒரு பக்கம் வெண்டலும் சங்கத்து ஆளும், எதிரில் ஏம்ஸ். சாட்சியாக நானும் ஷேலீனும். சங்கத்து ஆள் ஜனவரிக் குறிப்பை எடுத்து உரக்கப் படித்தார். 'ஒரு ஃபேன் ரெண்டு மாசம் தாங்கும்னு நெனச்சேன்' என்ற இடம் வந்ததும் ஏம்ஸின் காது சிவந்தது. அந்தச் சிவப்பை நான் இன்றைக்கும் வேண்டும்போது கண்ணை மூடிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அவன் மடையன் இல்லை. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தான். குரல் பழையபடி பஞ்சாகிவிட்டது.

"நான் படிக்காம கையெழுத்துப் போட்டது தப்புதான். நம்பிப் போட்டேன். இவங்களும் வெண்டலும் ரொம்ப வருஷச் சிநேகிதம். அதையும் பாக்கணும். அக்டோபர் மினிட்ஸ் எழுதினதும் இவங்கதான். அதுல வெண்டல் பேசினதா ஒரு வரி கிடையாது. ஜனவரி மினிட்ஸ்ல எல்லாம் வருது. ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு வெர்னாவே சொல்லட்டும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. அக்டோபர் குறிப்பு சரியானதா?"

சரி என்றால் வெண்டல் ஒழிந்தார். தவறு என்றால் நான் ஒழிந்தேன். நான் போட்ட கணக்கில் இந்த இடம் இல்லவே இல்லை. ஏம்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான், 'நீங்க இல்லன்னா இந்த இடம் என்ன ஆகும்' என்ற அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நியாயத்துக்காகத்தான் பேசினேன் என்று சொல்ல எனக்கு ஆசை. அது பொய். அந்தச் சிரிப்பை அவன் முகத்திலிருந்து உரிக்கவேண்டும், அதற்காகத்தான் பேசினேன்.

"அக்டோபர்தான் பொய்" என்றேன். கைப்பையைத் திறந்து, அன்று காலை ஏனோ எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்த, தேயிலை வாசம் அடிக்கிற அந்தத் தாளை மேஜைமேல் வைத்தேன். மூன்றாவது பத்தி, குறுக்கே பச்சைக் கோடு, ஓரத்தில் அவன் கையெழுத்து. "வெட்டச் சொன்னது இவர். வெட்டினது நான்."

ஏம்ஸின் சிரிப்பு போய்விட்டது. வெண்டல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

முடிவு பத்து நாளில் வந்தது. வெண்டலுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஏம்ஸின் பதவி பறிபோனது. ஆனால் எங்கள் இடங்களில் பெரிய ஆளை வெளியே அனுப்பமாட்டார்கள், 'சிறப்புத் திட்டங்கள்' என்று ஒரு பெயர் கொடுத்து ஏதாவது ஓர் அறையில் உட்காரவைப்பார்கள். எனக்கும் ஒரு கடிதம். ஜூனோடு நானாகவே விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் விஷயம் அத்தோடு முடியும் என்றார்கள். எழுதிக்கொடுத்தேன்.

ஜூன் வரை அறை ஒதுக்குகிற வேலை என்னுடையதுதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஏம்ஸுக்கு அடித்தளத்தில் பதினான்காம் எண் அறை கொடுத்தேன். ஜன்னல் கிடையாது. அச்சுப் பட்டறைக்கு ஒட்டினாற்போல் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் புது எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு வெண்டல் அதைப் போட்டால் மாலை ஐந்துவரை அறை முழுக்க உறுமும். ஏம்ஸ் சாவி வாங்க வந்தான்.

"வேற ரூம் எதுவும் இல்லையா, வெர்னா?"

"இருக்கு கிரேடன். ஆனா ஆள் எல்லாம் முன்வாசல் கண்ணாடி தொடைக்கப் போயிருக்காங்க. ரெண்டு மாசம் தாங்கும், பாருங்க."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு எனக்கு ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பசித்தது.

அந்த வாரக் கடைசியில் கசகசா அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டின ரொட்டி ஒன்று சுட்டேன். வெண்டலுக்குப் பிடிக்கும். ஈஸ்டருக்கு ஈஸ்டர் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். பட்டறைக்கு எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் உருளைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"வெண்டல், ரொட்டி."

"வேணாம்."

"சூடா இருக்கு. லிண்டாவுக்காவது எடுத்துட்டுப் போ." லிண்டா அவர் மனைவி.

அவர் எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "புதன்கிழமை கூட்டத்துக்கு நான் வர்றேன். லாப்டாப்ப சார்ஜ் போட்டு வை" என்றார். உருளைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொட்டியைத் திரும்ப மேலே கொண்டுவந்தேன்.

ஏப்ரல் கூட்டத்துக்கு லியோனா தலைவர். ஜனவரியில் நிமிராத தலை இப்போது நன்றாக நிமிர்ந்திருந்தது. பீட்சா இருந்தது, மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். வெண்டல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேறு விஷயம் உண்டா என்று லியோனா கேட்டதும் எழுந்து நின்றார். கையில் விதிப்புத்தகம். நடுவில் ஒரு காகிதம் செருகியிருந்தது. படித்தவள் நான் ஒருத்திதான் என்று சொன்னேனே, அது இனி இல்லை.

"அக்டோபர் மினிட்ஸத் திருத்தணும்னு தீர்மானம் கொண்டுவர்றேன். நான் சொல்றத அப்படியே அதுல சேக்கணும்."

"சொல்லுங்க வெண்டல். வெர்னா, எழுதிக்கோங்க" என்றாள் லியோனா.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், என் விரலுக்கு நேரம் கொடுத்து.

"அக்டோபர் கூட்டத்துல, ஃபேன் ஓடல, யாராவது விழுவாங்கன்னு வெண்டல் ஃபேர் சொன்னாரு. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அந்தப் பத்திய செயலாளர் வெர்னா கோஸ்டியுக் எடுத்துட்டாங்க. டிசம்பர்ல வெண்டல் அவங்ககிட்டப் போயி, நான் சொன்னேன்லன்னு கேட்டாரு. நீ சொன்னன்னாங்க. எடுத்தது நான்தான்னு சொல்லல. மார்ச் வரைக்கும் சொல்லல. எழுதிட்டியா?"

"எழுதறேன்."

"அந்த மூணு மாசம் வெண்டல் வீட்டுல உக்காந்து, நான் சொன்னேன் சொன்னேன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டிருந்தாரு. ஜனவரில அவ, நீங்க சொல்லணும்னு நெனச்சிருப்பீங்க, சொல்லியிருக்க மாட்டீங்கன்னா. அதுக்கப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. அந்தப் புள்ளையோட கைக்கு நான்தான் காரணமோன்னு."

அறையில் யாரும் மெல்லவில்லை.

"இதயும் போடணுமா, வெண்டல்?" என்று கேட்டேன்.

"போடு."

போட்டேன். லியோனா, ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றாள். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. செயலாளருக்கு ஓட்டு கிடையாது. ஷேலீன் என்னையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையைத் தூக்கினாள். மூன்று விரல் உள்ளே மடங்கியது, இரண்டு விரல் மடங்கவில்லை.

"நிறைவேறிச்சு. வெர்னா, ஒருதடவ படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். என் பெயர் வந்த இடத்திலும் குரலை இறக்காமல் படித்தேன். படிக்கும்போதுதான் கவனித்தேன், அதில் ஏம்ஸ் இல்லை. பச்சைக் கோடு இல்லை. 'ஏம்ஸ் சொன்னபடி' என்ற இரண்டு சொல்லை வெண்டல் வேண்டுமென்றே விட்டிருந்தார். அது உண்மைதானே. அதைச் சேர்க்கக் கேட்க எனக்கு உரிமை உண்டு, விதியும் இடம் கொடுக்கிறது.

லியோனா கேட்டாள், "திருத்தம் ஏதாவது இருக்கா?"

வெண்டல் அன்றைக்கு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். காத்திருந்தார். அந்த இரண்டு சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. தரைக்கு அடியில் எங்கோ ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இல்ல" என்றேன்.

லியோனா கையெழுத்துப் போட்டாள். வெண்டல் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பிடி சூரியகாந்தி விதையை எடுத்தார். நான் அடுத்த விஷயத்தை அடிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் மாடியில் குழாய் இப்போது ஒழுகுகிறதாம்.